கையொப்பம் யாருடையது?

ரெட்டியார்பாளையத்தில் வில்லியனூர்ச் சாலையிலிருந்து பிரியும் ஒரு சிறு தெருவில் குடியிருப்பவன் நான். பள்ளியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற கணித ஆசிரியனை ஆண்டில் பத்து மாதங்கள் எவரும் நினைப்பதில்லை. பிளஸ் டூ முடிவுகள் வெளியாகும் நாளிலிருந்து மட்டும் அவன் வீட்டு வாசலில் செருப்புகள் பெருகும். மதிப்பெண் பட்டியலின் நகலோடும் கல்லூரிகளின் வண்ணக் கையேடுகளோடும் தந்தைமார் வருவார்கள். பிள்ளை நான்கடி பின்னால் நிற்கும். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “சார், ஐ.டி.க்கு எந்தக் காலேஜ் நல்லது?”

2025 மே மாதத்தில் ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்றபோது இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர், மோட்டார் உதிரிப் பாகங்கள் விற்கும் கடையொன்றில் கணக்கு எழுதுபவர். எனக்கு இருபது ஆண்டுப் பழக்கம். மகள் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தாள். மிக நல்ல மதிப்பெண் என்று சொல்வதற்கில்லை. சென்னைக்கருகே உள்ள ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கும் என்றும், கல்விக் கட்டணம் ஆண்டுக்கு இரண்டு இலட்சம் என்றும், வில்லியனூர்ப் பக்கம் வாங்கிப் போட்டிருக்கும் இரண்டு குழி மனையை விற்கவோ அடகு வைக்கவோ தாம் ஆயத்தமாக இருப்பதாகவும் சொன்னார்.

“சுத்தி வளைக்காம ஒரு பேரைச் சொல்லுங்க சார். நீங்க சொன்னா நாளைக்கே பணம் கட்டிடறேன்.”

மகள் ஒன்றும் பேசவில்லை. மாலையில் இருவரும் வீட்டுக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அன்று பகல் முழுவதும் எனக்கு உறக்கம் வரவில்லை. “நீங்க சொன்னா” என்ற சொல்தான் உறுத்தியது. ஒரு பெண்ணின் நான்கு ஆண்டுகளையும், அதற்குப் பின்வரும் பத்து ஆண்டுகளையும், ஒரு குடும்பத்தின் ஒரே சொத்தையும் என் நாவில் வைத்துவிட்டுப் போயிருந்தார் அவர்.

நாம் ஆராய்வதெல்லாம் வழிகளைப் பற்றியே, இலக்கைப் பற்றியன்று என்று அரிஸ்டாட்டில் தம் அறநூலில் எழுதினார். நோயாளியைக் குணப்படுத்தலாமா என்று மருத்துவர் ஆராய்வதில்லை. எப்படிக் குணப்படுத்துவது என்றே ஆராய்கிறார். நம் வீடுகளில் நடப்பதும் அதுவே. எந்தக் கல்லூரி, எந்த ஒதுக்கீடு, எத்தனை மதிப்பெண் என்று இரவெல்லாம் விவாதிக்கிறோம். எதற்காக என்ற வினா எழுவதே இல்லை. அது ஏற்கெனவே விடையளிக்கப்பட்டுவிட்டதாக எல்லோரும் எண்ணிக்கொள்கிறோம். மருத்துவருக்கு இலக்கு ஐயமற்றது. நலம் என்றால் என்னவென்று நோயாளிக்கும் தெரியும். “நல்ல காலேஜ்” என்பதன் பொருள் அவ்வளவு தெளிவானதா? தந்தைக்கு அது வேலை வாங்கித் தருவது. தாய்க்கு, விடுதியில் பெண்ணைப் பத்திரமாக வைத்திருப்பது. உறவினருக்கு, பெயரைச் சொன்னால் புருவம் உயர்வது. கற்பிப்பது என்ற பொருள் வரிசையில் எங்கோ கடைசியில் நிற்கிறது.

வினாவை எழுப்பியதற்காக வழிகளை அலட்சியம் செய்யலாகாது. உயர்ந்த தத்துவம் பேசிவிட்டுப் பிள்ளையைத் தவறான வாசலில் விட்டுவருபவன் தத்துவஞானி அல்லன். ஆகவே கல்லூரியை எப்படிப் பார்ப்பது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு ஆண்டுகளில் இதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு.

கையேட்டில் முதலில் கண்ணில் படுவது “வேலைவாய்ப்பு 95 விழுக்காடு” போன்ற ஒரு வரி. கணித ஆசிரியன் என்ற முறையில் நான் கேட்பது, பகுதி எண் யாது என்பதே. படித்து முடித்தவர் அனைவரும் பகுதியா, வேலைத் தேர்வுக்குப் பதிவு செய்துகொண்டவர் மட்டுமா, பாக்கித் தாள் இல்லாதவர் மட்டுமா? ஒரே மாணவி மூன்று நிறுவனங்களின் ஆணை பெற்றால் மேலே மூன்று என்று எழுதுகிறார்களா, ஒன்று என்றா? மிக உயர்ந்த சம்பளத்தை எல்லோரும் அச்சிடுகிறார்கள். வரிசையின் நடுவில் நிற்கும் மாணவர் பெற்ற சம்பளத்தை அச்சிட்ட கையேட்டை நான் இதுவரை பார்த்ததில்லை. அடுத்தது அங்கீகாரம். நாக் என்பது நிறுவனம் முழுமைக்கும் தரப்படும் மதிப்பு, என்.பி.ஏ. என்பது குறிப்பிட்ட பாடப்பிரிவுக்குத் தரப்படுவது. இயந்திரவியலுக்குக் கிடைத்த என்.பி.ஏ. அங்கீகாரத்தை முகப்பில் எழுதிவிட்டுத் தகவல் தொழில்நுட்பத்துக்கு ஆள் சேர்ப்பவர்கள் உண்டு. எந்தப் பிரிவுக்கு, எந்த ஆண்டு வரை என்று கேட்க வேண்டும். தமிழகத்தில் அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தைப் பருவந்தோறும் வெளியிடுகிறது, அது பயன்படும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தாமே வினாத்தாள் தயாரித்துத் தாமே திருத்துபவை ஆதலால் அந்தப் பட்டியலில் வாரா. மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளலாகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருப்பதையும் பெற்றோர் அறிந்திருத்தல் நலம். இன்னும் பலர் அறியவில்லை.

இவை தாளில் காண்பவை. நேரில் காண வேண்டியது வேறு. வரவேற்பு நாளில் போகாதீர்கள். ஒரு சாதாரணப் புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் போங்கள். கணிப்பொறிக் கூடத்தில் மாணவர்கள் அமர்ந்திருக்கிறார்களா, அல்லது அறை பூட்டியிருக்கிறதா? எதிரிலுள்ள தேநீர்க் கடையில் நான்காம் ஆண்டு மாணவர் நின்றிருப்பார். இரண்டாம் ஆண்டில் பாடம் எடுத்த ஆசிரியர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்று அவரிடம் கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கு வரும் விடை, பத்துக் கையேடுகளைவிட உண்மையானது. இருபது மாணவர்க்கு ஓர் ஆசிரியர் என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் நெறி. ஒரு பாடப்பிரிவில் இத்தனை இடங்களுக்கு மேல் கூடாது என்றிருந்த வரம்பை, நன்கு இயங்கும் கல்லூரிகளுக்கு 2024-25 முதல் அக்குழு நீக்கிவிட்டது. இடங்களை ஒரே ஆண்டில் கூட்டிவிடலாம். ஆசிரியர்களை அப்படிக் கூட்ட முடியுமா? தகவல் தொழில்நுட்பம், கணிப்பொறி அறிவியல், செயற்கை நுண்ணறிவு என்று பெயர்கள் வேறு பெருகிவிட்டன. முதல் இரண்டு ஆண்டுகளில் இவற்றின் பாடங்கள் பெரும்பாலும் ஒன்றே என்பதை அறியாமல், பெயருக்காக நல்ல கல்லூரியை விட்டு மோசமான கல்லூரிக்குப் போனவர்களை நான் அறிவேன்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. 2024 ஜூன் 11 அன்று இதே ரெட்டியார்பாளையம் புதுநகரில், புதைசாக்கடையிலிருந்து நச்சுவாயு வீட்டுக் கழிவறை வழியாக மேலேறி மூவர் மாண்டனர். மூவரும் பெண்கள், அவர்களில் ஒருத்தி பள்ளி மாணவி. தம் வீட்டுக் கழிவறைக்குச் சென்றதைத் தவிர அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. அதற்கு அடுத்த வாரமும் என் வீட்டுக்குப் பெற்றோர் வந்தார்கள். சிவில் படித்தால் வேலை இல்லை சார், ஐ.டி. சொல்லுங்கள் என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மையே. தெருவுக்கடியில் ஓடும் குழாயைப் பற்றிச் சிந்திக்கும் பொறியாளருக்கு நாம் என்ன கூலி தருகிறோம்? ஒரு தலைமுறையின் கூரிய மூளைகள் அனைத்தும் ஒரே வாசலில் போய் நிற்கக் கண்டு எனக்கு அச்சம் உண்டாகிறது. ஆனால் அந்த அச்சத்துக்காக ஒரு கணக்கெழுத்தரின் மகளைப் பலியிட எனக்கு உரிமை இல்லை என்பதும் தெரியும்.

பெற்றோர் பிள்ளைகளுக்காகத் தேர்வு செய்வது இந்த ஊருக்குப் புதிதன்று. பிரெஞ்சு ஆட்சியில் 1881 செப்டம்பரில் வெளிவந்த ஆணையின்படி, விரும்பிய இந்தியர் தம் சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்கலாம் என்றாயிற்று. துறந்தவர்கள் புதிய குடும்பப் பெயர் பூண்டார்கள். பெரும்பாலோர் கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்டோருமே. பொன்னுத்தம்பிப் பிள்ளை லாபோர்த் ஆனது அப்படித்தான். அந்தத் துறவு மீட்க முடியாதது. கையொப்பமிட்டவரை மட்டுமன்றி அவர் மனைவியையும் பருவம் எய்தாத பிள்ளைகளையும் கட்டுப்படுத்தியது. பின்னர், 1956-இல் ஒப்பமான உடன்படிக்கை 1962 ஆகஸ்டு 16 அன்று நடைமுறைக்கு வந்தபோது, புதுச்சேரியில் பிறந்து இங்கே வாழ்ந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்ய ஆறு மாதங்கள் தரப்பட்டன. பதினெட்டு நிறையாத, மணமாகாத பிள்ளைகளின் குடியுரிமையைத் தந்தையின் ஒப்பம் தீர்மானித்தது. அன்று பதினேழு வயதாயிருந்தவர்களில் சிலரை நான் அறிவேன். ஒருவர் பிரான்சில் ஓய்வூதியம் பெறுகிறார். ஒருவர் தம் தந்தை அந்த ஆறு மாதங்களைத் தயக்கத்திலேயே கழித்துவிட்டார் என்று எண்பது வயதிலும் குறைபட்டுக்கொள்கிறார். இருவரும் கையொப்பம் இட்டதில்லை.

எங்கள் தெருக்களில் அக்காலத்தில் சொல்தா வீடு என்றால் தனி மரியாதை. பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து ஓய்வூதியத்தோடு திரும்பியவரின் வீடு அது. மகனுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துப் படைக்கு அனுப்புவது அன்றைய நல்ல தேர்வு. அது வாய்க்காதவர்க்கு ஆலை. 1898-இல் தொடங்கிய ஏ.எஃப்.டி. ஆலையில் வேலை கிடைத்தால் வாழ்நாளுக்கும் கவலையில்லை என்றிருந்தது. என்னைத் தேடி வந்த கணக்கெழுத்தரின் தந்தையார் அந்த ஆலையின் தொழிலாளி. ஆலை 2020-இல் மூடப்பட்டது. வாழ்நாளுக்கும் கவலையில்லை என்று ஒருவர் சொல்லும்போது, யாருடைய வாழ்நாள் என்று கேட்கத் தோன்றுகிறது. இன்றைய ஆலை தகவல் தொழில்நுட்பம். 2022-இல் வேலை ஆணை பெற்ற மாணவர் பலர், பணியில் சேரும் அழைப்புக்காக 2024 வரை காத்திருந்தனர். 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் பணியாளரில் ஏறத்தாழ இரண்டு விழுக்காட்டினரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டோரைக் குறைப்பதாக அறிவித்தது. புதியவர்கள் தொடக்கத்தில் செய்துவந்த எளிய நிரல்களை இப்போது இயந்திரமே எழுதத் தொடங்கிவிட்டது. இதனால் இத்துறை அழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. நான்கு ஆண்டுகளுக்குப் பின் அது எப்படி இருக்கும் என்பதைக் கணிக்கும் தகுதி எனக்கு இல்லை. அந்தத் தந்தைக்கும் இல்லை. கையேட்டை அச்சிட்டவர்க்கும் இல்லை.

என் வீட்டுக் கதையையும் சொல்லியாக வேண்டும். 2000-ஆம் ஆண்டில் என் மகன் பிளஸ் டூ முடித்தான். கணிப்பொறி தெரிந்தவரை அமெரிக்கா விமானம் அனுப்பி அழைத்துக்கொள்ளும் என்று ஊரே நம்பிய காலம். புதிதாகத் தொடங்கிய ஒரு தனியார் கல்லூரியில் அவனைச் சேர்த்தேன். சுண்ணாம்பு வாடை போகாத கட்டடம். மறு ஆண்டே அமெரிக்காவில் இணைய நிறுவனங்கள் சரிந்தன. ஒரே பருவத்தில் ஒரே பாடத்துக்கு மூன்று ஆசிரியர்கள் மாறினார்கள். அவன் பாக்கித் தாள்களோடு போராடி வெளியே வந்து, நான்கைந்து ஆண்டு அலைந்து, இப்போது பெங்களூரில் ஒரு நல்ல நிலையில் இருக்கிறான். ஆகவே, என் தேர்வு சரியாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். நானும் பலகாலம் சொல்லிக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் கிறிஸ்துமஸ் விடுமுறையில் வந்தவன், இரவு உணவுக்குப்பின் பேச்சுவாக்கில், “நான் தாகூர் கலைக் கல்லூரியில வரலாறு படிக்கணும்னு இருந்தேம்பா” என்றான். ஏன் சொல்லவில்லை என்றேன். “நீங்க கேக்கவே இல்லையே.” கோபமில்லாமல்தான் சொன்னான். பள்ளியில் நாற்பது பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து யாருக்குப் புரியவில்லை என்று கண்டுபிடிப்பவன் என்று எனக்கொரு பெயர் உண்டு. வீட்டில் ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை.

இனி அக்குவினாத் தோமாவிடம் வருகிறேன். அவருடைய குடும்பம் அவர் மொந்தே கசீனோ மடத்தின் தலைவராக வர வேண்டும் என்று விரும்பியது. செல்வமும் செல்வாக்கும் மிக்க பதவி. அக்காலத்தின் உறுதியான வேலைவாய்ப்பு. அவரோ அப்போது புதிதாய்த் தோன்றியிருந்த, பிச்சையெடுத்து உண்ணும் தோமினிக்கன் சபையில் சேர்ந்தார். 1244-இல் சகோதரர்கள் அவரை வழிமறித்துப் பிடித்து, ஏறத்தாழ ஓராண்டுக்காலம் குடும்பக் கோட்டையில் அடைத்து வைத்தார்கள். கீழ்ப்படிதலைப் பற்றி அவர் பிற்காலத்தில் எழுதியபோது, மணம் புரிவது, கன்னிமை காப்பது போன்றவற்றில் பிள்ளைகள் பெற்றோர்க்குக் கீழ்ப்படியக் கடமைப்பட்டவர்கள் அல்லர் என்று வரையறுத்தார். “போன்றவற்றில்” என்ற சொல்லில் ஒரு கல்லூரிப் படிப்பு அடங்குமா? பதின்மூன்றாம் நூற்றாண்டில் தொழில் என்பது பெரும்பாலும் பிறப்போடு வந்தது. நம் நாட்டில் அது இன்னும் கடுமையாகச் சாதியோடு வந்தது. பிள்ளை தன் தொழிலைத் தேர்ந்தெடுப்பது என்பதே அண்மைக்காலத்து உரிமை. அதை வாங்கித் தருவதற்காகத்தான் தந்தைமார் மனையை விற்கிறார்கள். விற்ற கையோடு, அந்த உரிமையைத் தாமே எடுத்துக்கொண்டும் விடுகிறார்கள்.

பிள்ளையை அதன் விருப்பத்துக்கு விட்டுவிடு என்று முடித்துவிட்டால் எளிதாயிருக்கும். ஆனால் அதே தோமா விவேகத்தின் உறுப்புகளுள் ஒன்றாகப் பிறரிடம் கற்கும் பணிவையும் வைக்கிறார். ஒருவர் தனியாகவும் விரைவாகவும் எல்லாச் சூழ்நிலைகளையும் காண இயலாது. நீண்டகாலம் வாழ்ந்தவர் சொல்லுக்குச் செவிகொடுக்க வேண்டும் என்கிறார். பதினேழு வயதுக்குத் தன் விருப்பம் எது, தோழியின் விருப்பம் எது என்று பிரித்தறியத் தெரியுமா? எனக்கு அந்த வயதில் தெரியவில்லை. ஆகப் பெற்றோர் விலகி நிற்பதும் தவறு. பெற்றோரே முடிவு செய்வதும் தவறு. இடையிலுள்ள வழி மிகக் குறுகலானது. ஒவ்வொரு வீட்டிலும் புதிதாய்த் தேட வேண்டியது.

அன்று மாலை இருவரும் வந்தார்கள். என் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். நான் முதலில் கணக்குப் போட்டுக் காட்டினேன். மாணவிக்குப் பதினெட்டு நிறையவில்லை. கல்விக்கடன் வாங்கினால் பத்திரத்தில் ஒப்பமிட வேண்டியவர் தந்தை. 7.5 இலட்சம் வரை பிணையம் இல்லாமல் கடன் பெற வழியுண்டு. அதற்கு மேல் போனால் மனை அடகுக்குப் போகும். ஆண்டுக்கு இரண்டு இலட்சமாக நான்கு ஆண்டுக்கு எட்டு இலட்சம். விடுதிச் செலவு தனி. வட்டி பத்து விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலமும் அதற்குமேல் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி நிற்பதில்லை. தனிவட்டியாகவே கணக்கிட்டாலும் ஐந்தாம் ஆண்டு முடிவில் கடன் 10 இலட்சத்து 80 ஆயிரம். அதைப் பத்து ஆண்டுகளில் அடைப்பதானால் மாதம் சுமார் 14,300 ரூபாய். பெரிய நிறுவனங்கள் புதியவர்களுக்குத் தரும் சம்பளம் பல ஆண்டுகளாக ஆண்டுக்கு மூன்றரை இலட்சத்தை ஒட்டியே நிற்கிறது, மாதத்துக்கு 29,000. பாதி, முதல் நாளிலேயே போய்விடும். ஒப்பம் இடுபவர் தந்தை. முப்பத்திரண்டு வயது வரை கட்டப்போகிறவள் மகள். அவள் கையெழுத்து அந்தத் தாளில் எங்கும் இல்லை.

அவர் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் கட்டுவேன் சார்” என்றார். அன்பின் மிகுதியில் சொன்னது. அவருடைய சம்பளம் எனக்குத் தெரியும்.

“நீ என்னம்மா சொல்றே?” என்று மகளிடம் கேட்டேன்.

“எனக்கு இங்கேயே கவர்ன்மென்ட் காலேஜ்ல பி.எஸ்சி. போதும் சார். பஸ்ல போய்ட்டு வந்துடுவேன். மனை தம்பிக்கு இருக்கட்டும்.”

தந்தை தலையில் கைவைத்துக்கொண்டார். அவள் தெளிவாகப் பேசினாள். தம்பி ஒன்பதாம் வகுப்பு. தாய்க்குச் சிறுநீரகக் கோளாறு. வாரம் இருமுறை ஜிப்மர் மருத்துவமனைக்கு அழைத்துப்போவது அவள்தான். விடுதிக்குப் போனால் அது யார் பொறுப்பு?

என் மகனிடம் கேட்காமல் விட்ட கேள்வியை இந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டேன், விடையும் வந்துவிட்டது, இதோ அவள் விருப்பம் என்று நான் முடித்திருக்கலாம். மனம் ஒப்பவில்லை. அது விருப்பமா, தியாகமா? தியாகத்தைப் போற்றி வளர்ந்தவர்கள் நாம். நம் வீட்டுப் பெண்பிள்ளைகள், கேட்பதற்கு முன்பே விட்டுக்கொடுக்கப் பழகியவர்கள். 1844-இல் தூப்புயி அடிகள் இந்த ஊரில் பெண்களுக்குக் கல்வி புகட்டவென்றே ஒரு கன்னியர் சபையைத் தொடங்கியபோது, பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட குடும்பங்கள்தாம் மிகுதி. இன்று அப்படி எவரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைப் பெண்ணே தனக்குள் கேட்டு, தானே விடையும் சொல்லிக்கொள்கிறாள். ஒரு குழந்தை மனமுவந்து தரும் தியாகத்தைப் பெரியவர்கள் ஏற்றுக்கொள்ளலாமா என்பது, நானறிந்த வரையில், எந்த அறநூலும் எளிதாகத் தீர்த்துவைக்காத கேள்வி. தருவது அவளுக்கு மாண்பு. வாங்கிக்கொள்வது நமக்கு மாண்பாகுமா?

“அம்மாவுக்கு உடம்பு நல்லா இருக்குன்னு வச்சுக்கோ. மனையும் அப்படியே இருக்கு. அப்ப எங்கே போவே?” என்றேன்.

நெடுநேரம் பேசவில்லை. பிறகு, தந்தையைப் பார்க்காமல், “பிள்ளைச்சாவடி” என்றாள்.

1984-இல் தொடங்கிய புதுவைப் பொறியியற் கல்லூரி இருப்பது அங்கே. 2020 முதல் அது புதுச்சேரித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். அரசினுடையது, கட்டணம் குறைவு. மாலையில் வீடு திரும்பிவிடலாம். அவளுடைய மதிப்பெண்ணுக்கு அங்கே இடம் கிடைப்பது எல்லைக்கோட்டில் இருந்தது. தந்தை சென்னையைப் பற்றிப் பேசியதெல்லாம், பிள்ளைச்சாவடி கிடைக்காது என்று மகள் மனம் உடைவாளோ என்ற அச்சத்தில்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. இருவரும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதற்காகத் தாங்கள் விரும்பாததை விரும்புவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சென்டாக் விண்ணப்பத்தில் விருப்ப வரிசையை அன்றிரவே எழுதினோம். எழுதியவள் அவள். முதலில் பல்கலைக்கழகத்தின் தகவல் தொழில்நுட்பம். அடுத்து அங்கேயே கணிப்பொறி அறிவியல். பிறகு, பேருந்தில் போய்வரக்கூடிய இரண்டு தனியார் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடங்கள். கலை அறிவியல் கல்லூரிக்குத் தனியாக ஒரு விண்ணப்பம். பங்குத் தந்தையிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கலாமா என்று தந்தை இடையில் கேட்டார். நம் சமூகத்தார் நடத்தும் கல்லூரிகளில் நமக்கென்று இடங்கள் இருப்பது சட்டம் தந்த உரிமை. அதைக் கேட்டுப் பெறுவதில் பிழையில்லை. ஆனால் நாம் தவறாமல் திருப்பலிக்கு வருகிறோம் என்பதைத்தான் கடிதம் சொல்லும். வரிசையில் நமக்கு முன்னால் நின்ற பிள்ளை யார் என்பதைச் சொல்லாது. அவர் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

எஞ்சியது ஜிப்மர். எந்தக் கல்லூரியானாலும், வாரத்தில் இரண்டு நாள் தாயோடு போக ஆள் வேண்டும். வெள்ளிக்கிழமைக்குக் கடை முதலாளியிடம் அரைநாள் கேட்பதாகத் தந்தை சொன்னார். செவ்வாய்க்கிழமைக்கு ஆளில்லை. சற்று நேரம் எல்லோரும் பேசாமல் இருந்தோம். இவ்வளவு ஆண்டுகளாக எத்தனையோ பேருக்கு யோசனை சொல்லியிருக்கிறேன். எதற்கும் நான் விலை கொடுத்ததில்லை. உள்ளேயிருந்து என் மனைவிதான் சொன்னாள்: “செவ்வாய்க்கிழமை உங்களுக்கு என்ன வேலை?”

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. முதல் சுற்றிலும் இல்லை. இரண்டாம் சுற்றிலும் இல்லை. மூன்றாம் விருப்பமாக எழுதியிருந்த தனியார் கல்லூரியில், அரசு ஒதுக்கீட்டில் தகவல் தொழில்நுட்பம் கிடைத்தது. சேர்வதற்கு முன் ஒரு புதன்கிழமை தந்தையும் மகளும் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். கணிப்பொறிக் கூடம் திறந்திருந்ததாம். ஆனால் தேநீர்க் கடை மாணவன் சொன்னது அவ்வளவு நன்றாயில்லை. அதையும் கேட்டுக்கொண்டுதான் சேர்ந்தாள். மனை விற்கப்படவில்லை; ஒரு சிறு கடன் மட்டும். சேரும்போது அவளுக்குப் பதினெட்டு முடிந்து ஒன்பது நாள். கடன் பத்திரத்தில் தந்தையின் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவளுடைய கையெழுத்தும் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமைகளில் அவள் தாயோடு ஜிப்மர் பேருந்தில் போகிறேன். சன்னலோரம் அமர்ந்திருக்கும் அந்த அம்மா, இந்திரா காந்தி சிலை தாண்டும்போது சில நாள் கேட்பார்: “அவளுக்கு நல்லதைத்தான் செஞ்சிருக்கமா சார்?” பருவத் தேர்வு இன்னும் வரவில்லை, பார்ப்போம் என்கிறேன். அதற்குள் நடத்துநர் வந்துவிடுகிறார். இரண்டு ஜிப்மர் என்று சில்லறையை நீட்டுகிறேன்.